கிணறு மணக்கும்வரை காத்திருக்கலாமா?

திருவனந்தபுரத்துக்குக் குழாய்நீர் தரும் கரமனை ஆறு அகத்தியமலைத் தொடரில் பிறக்கிறது. போனக்காட்டுத் தேயிலைச் சரிவுகளிலும் அவற்றை ஒட்டிய காட்டிலும் பெய்யும் மழை பேப்பாறை நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, அருவிக்கரை வழியாக நகரத்துக்கு இறங்குகிறது. இந்தப் பாதையில் எங்காவது எண்ணெய் கலந்தால் அதை மறைத்துவைக்க முடியாது. நீரின்மேல் பல நிறத்தில் படலம் விரியும், மீன் செத்து மிதக்கும். 2024 டிசம்பரில் கோழிக்கோட்டை அடுத்த எலத்தூரில் ஓர் எரிபொருள் கிடங்கிலிருந்து டீசல் வழிந்து ஓடைகளில் கலந்தபோது ஊர் உடனே திரண்டது, அதிகாரிகளும் வந்து சேர்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் தண்ணீருக்கு உள்ள பாதுகாப்பு அது. அதே டீசல் ஒரு பெட்ரோல் பங்கின் அடியில் புதைத்த தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் யாரும் திரள மாட்டார்கள். என்றோ ஒருநாள் பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாடை வரும்போதுதான் சந்தேகமே பிறக்கும். வீட்டுக்கு வீடு கிணறு தோண்டிக் குடிக்கும் கேரளம் போன்ற நிலத்தில் இந்த வரிசை முற்றிலும் தலைகீழானது. குடிக்கும் கிணற்றையே கசிவு காட்டும் கருவியாக நாம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். புதைத்த தொட்டி ஒவ்வொன்றின் அருகிலும், அது கசியத் தொடங்குவதற்கு முன்பே, கண்காணிப்புக்கென்று தனிக் கிணறு இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாடை வந்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றலாம். அந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதைப் பெட்ரோலின் வேதியியலே காட்டுகிறது. பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் பெரும்பாலானவை நீரில் அதிகம் கரையாமல் மேலே மிதப்பவை. ஆனால் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்ற நான்கும் ஓரளவு கரைகின்றன. நான்கில் அதிகம் கரைவது பென்சீன், ரத்தப் புற்றுநோயோடு நேரடித் தொடர்பு நிரூபிக்கப்பட்டதும் அதுதான். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரைதான் அது இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இந்தியாவில் இன்று விற்கும் பெட்ரோலில் பென்சீனின் உச்சவரம்பு கொள்ளளவில் 1 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரம்பைத் தொடும் ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லிலிட்டர் பென்சீன், அதாவது ஏறக்குறைய 8.8 கிராம் இருக்கும். அது முழுவதும் நீரில் கரைந்தால் சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நீரை அந்த வழிகாட்டு அளவுக்குக் கொண்டுவந்துவிடும். உண்மையில் அத்தனையும் கரைவதில்லை, ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தின்னும். ஆனாலும் ஒரு லிட்டருக்கே இந்தக் கணக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நீரில் கரைந்த பென்சீனை நம் நாக்கு உணரத் தொடங்குவது லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில், வழிகாட்டு அளவைப்போல் 50 மடங்கில். பெட்ரோலில் உள்ள சைலீன் முதலியவை இன்னும் குறைந்த அளவிலேயே மணக்குமே என்று ஒருவர் கேட்டால் அது சரியான கேள்விதான். ஆனால் மண்ணுக்குள் எல்லாம் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. நீரில் நன்றாகக் கரைவது மண்துகளில் குறைவாக ஒட்டும், அதனால் முன்னே ஓடும். மணக்கும் சைலீனும் எத்தில்பென்சீனும் பின்தங்க, பென்சீன் முன்னணியில் வந்து சேர்கிறது. வாடை வருவதற்கு முன்பே விஷம் வந்திருக்கக்கூடும்.

தமிழர் வாழும் நிலத்தில் இந்தச் சிக்கலின் மிகக் கசப்பான பாடம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிடைத்தது. குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்கது இல்லை. மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அதுவே தண்ணீர். சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கும் அனல்மின் நிலையம் பல பத்தாண்டுகளாக இருந்துவந்தது. போரின் இறுதிக் காலத்திலிருந்து நொதர்ன் பவர் என்ற தனியார் நிறுவனமும் அங்கே மின்னாக்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதப்பதாக மக்கள் முறையிட்டார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளை ஆராய்ந்தபோது 109 கிணறுகளில் எண்ணெய் அளவுக்கு மீறி இருந்தது. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான மாசு இல்லை என்ற பொருள்பட அறிக்கை தந்தது. வழக்கு கொழும்பில் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2019 ஏப்ரல் 4ஆம் தேதி வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி, அந்த நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர ஆணையிட்டது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு அதிகபட்சம் 40 ஆயிரம் ரூபாய். சுற்றுச்சூழலைக் காக்க வேண்டிய அரச அமைப்புகள் கடமை தவறின என்பதையும் நீதிமன்றம் பதிவு செய்தது. பல தலைமுறையாகக் குடித்த கிணறு கெட்டதற்கு 40 ஆயிரம் ரூபாய் எந்த வகையில் ஈடு என்ற கேள்வி தீர்ப்புக்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. ஆனால் இந்த வழக்கு இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. ஒரே ஊரின் கிணறுகளைப் பார்த்த இரண்டு குழுக்கள் எப்படி எதிரெதிர் முடிவுக்கு வர முடிந்தது?

எதைத் தேடுகிறோம், எப்படித் தேடுகிறோம் என்பதில் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. நீர் ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யப்படும் எண்ணெய்–கிரீஸ் சோதனையில், நீரிலுள்ள எண்ணெய்ப்பொருளை ஹெக்சேன் போன்ற கரைப்பானால் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, எஞ்சியதை நிறுக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு இரண்டு குறைகள் உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது பெட்ரோலும் டீசலின் இலேசான பகுதியும் சேர்ந்தே பறந்துவிடும். எஞ்சி நிற்பதிலும் கனிம எண்ணெய், சமையல் எண்ணெய், சவர்க்காரக் கொழுப்பு என்ற வேறுபாடு தெரியாது. ஆகவே இந்த எண் உயர்ந்திருந்தால் எரிபொருள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, தாழ்ந்திருந்தால் பெட்ரோல் இல்லை என்றும் சொல்ல முடியாது. மறுபக்கம், பென்சீனை மட்டும் தேடி அது இல்லையென்று கண்டவர், கனமான உலை எண்ணெயோ கழிவு எண்ணெயோ இல்லையென்று அறிவித்தால் அதுவும் தவறு. அந்த எண்ணெய்களில் பென்சீன் தொடக்கத்திலிருந்தே சொற்பம். மாதிரி எடுக்கும் முறையும் முடிவை மாற்றும். வாளியால் இறைத்து அகன்ற போத்தலில் ஊற்றிய நீரிலிருந்து பென்சீன் போகிற வழியிலேயே வெளியேறிவிடும். காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் சிறு குப்பியில் நிரப்பி, குளிரில் வைத்து, நாள் கடத்தாமல் ஆய்வகம் சேர்க்க வேண்டும். அதன்பின் வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஓட்டினால் ஒவ்வொரு எரிபொருளும் தன் தனி வரைகோட்டைக் காட்டும். டீசலில் நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களை நுண்ணுயிர்கள் முதலில் தின்கின்றன, கிளைத்த சங்கிலிகளான பிரிஸ்டேன், பைட்டேன் இரண்டும் நீடிக்கின்றன. இவற்றுக்கு இடையிலான விகிதம் மாறியிருப்பதைப் பார்த்து, கசிவு அண்மையதா பழையதா என்று தோராயமாக மதிப்பிடலாம். ஒரே வளாகத்தில் ஒருவர்பின் ஒருவராக எண்ணெயைக் கையாண்ட இடங்களில் பொறுப்பை ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிடாமல் இருக்க இந்தக் கைரேகைதான் உதவும்.

சென்னைத் தண்டையார்பேட்டையில் நிலம் வேறு, கதை ஏறக்குறைய அதே கதை. துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு எரிபொருள் கொண்டுபோகும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து குடியிருப்புகளின் கைப்பம்புகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் வந்தது 2013இல் வெளியே தெரிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வழக்கை விசாரித்தது. சென்னை ஐஐடி ஆய்வும் மீட்புப் பணியும் மேற்கொண்டது. மிதக்கும் எண்ணெய், கரைந்த மாசு, மண் இடுக்கின் ஆவி மூன்றையும் ஒன்றாக உறிஞ்சி எடுக்கும் முறை அங்கே கையாளப்பட்டது. இங்கேயும் முதல் எச்சரிக்கையைத் தந்தது கருவி எதுவும் இல்லை. தண்ணீர் அடித்த மக்கள்தான் தந்தார்கள்.

இப்படி ஓரிடத்தை ஆராய வருபவர் முதலில் படிக்க வேண்டியது நீரை அல்ல, நிலத்தை. கசியும் எண்ணெய் மண் இடுக்குகள் வழியே நேர்கீழே இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் நீரைவிட இலேசானதால் அதன்மேல் பரவுகிறது. கரைந்த பகுதி நீரோட்டத்தின் திசையில் நீண்ட நாக்குபோல் நகர்கிறது. அந்தத் திசையைத் தரைமட்டச் சரிவை வைத்து ஊகிக்கக் கூடாது. குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகளை முக்கோணமாகத் தோண்டி, அவற்றின் நீர்மட்டத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு அளந்தால்தான் நீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும். ஒரு கிணறு தொட்டிக்கு மேல்புறத்திலும் இருக்க வேண்டும், வந்துசேரும் நீர் எப்படி இருந்தது என்று சொல்ல அதைவிட்டால் வேறு சாட்சி இல்லை. எண்ணெயும் நீரும் சந்திக்கும் மட்டத்தைப் பிரித்துச் சொல்லும் கருவியைக் கிணற்றில் இறக்கினால் மிதக்கும் எண்ணெயின் கனம் தெரியும். ஆனால் கிணற்றில் தெரியும் கனம் மண்ணுக்குள் உள்ளதைவிடப் பல மடங்கு மிகையாக இருக்கும் என்பதை மறந்தால் கசிந்த அளவின் கணக்கு முழுவதும் பிழைபடும். கிணறு தோண்டுவதற்கு முன்பே தரையில் சிறு துளைகள் இட்டு மண்ணின் காற்றை உறிஞ்சி ஆவியை அளந்துவிடலாம், எங்கே தோண்டுவது என்று அது வழிகாட்டும். பருவமும் பார்க்க வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்கி வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொள்கிறது. மழையில் நீர் ஏறும்போது அந்தப் பூச்சு நீருக்கடியில் சிறைப்படுகிறது. மழைக்காலத்தில் மட்டும் மாதிரி எடுத்தவர் மிதக்கும் எண்ணெய் எதையும் காணாமல் இடம் சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

நிலம் மாறினால் இந்த முறையும் மாற வேண்டும். தண்டையார்பேட்டைக் கடலோர மணலில் நாக்கின் வடிவத்தை ஓரளவு கணிக்க முடியும். சுன்னாகத்துச் சுண்ணக்கல்லில் கரைந்து உண்டான பிளவுகளும் குகைவழிகளும் இருப்பதால், அடுத்த வீட்டுக் கிணறு தெளிந்திருக்கும்போதே தொலைவிலுள்ள கிணறு கெடலாம். அங்கே மையத்திலிருந்து வட்டம் போட்டு, இந்த ஆரத்துக்கு வெளியே பாதுகாப்பு என்று சொல்வது அறிவியல் ஆகாது. திருவனந்தபுரம் நகரத்தைத் தாங்கும் செம்புறைக்கல்லில், ஊர்ப்பேச்சில் வெட்டுக்கல்லில், விரல் நுழையும் குழல்துளைகள் நிறைய. மேலிருந்து விழுந்த எண்ணெய் அவற்றின் வழியே விரைந்து இறங்கி, அடியிலுள்ள வெண்களிமண்ணில் தடைப்பட்டுப் பக்கவாட்டில் பரவும். போனக்காடுவரை ஏறினால் சார்னோகைட், கோண்டலைட் போன்ற கடினப்பாறை. நீர் இருப்பது மேலே சிதைந்த மெல்லிய மண்படுகையிலும் அடியிலுள்ள வெடிப்புகளிலும்தான். அப்படிப்பட்ட மலையில் மூன்று கிணறு தோண்டி முக்கோணம் போட்டாலும் மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத வெடிப்புகளைத் தொட்டிருக்கலாம். அங்கே ஊற்றுகளும் சரிவின் சிற்றோடைகளும்தான் கண்காணிப்புக் கிணறுகள். டீசல் தொட்டி எதுவும் புதைப்பதற்கு முன்பு அவற்றின் நீரை எடுத்துச் சோதித்துப் பதிவு செய்துவைப்பதே அங்கே பொருந்தும் வழி.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, பங்குகளில் தினமும் டிப் ராடு இறக்கி இருப்பு பார்க்கிறார்களே, கசிந்தால் கணக்கில் தெரியாதா என்பது. பெரிய கசிவு தெரியும், உண்மைதான். ஆனால் பெட்ரோலின் கனஅளவு ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு மாறுகிறது. 20 ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு டிகிரிக்கே 20 லிட்டர் கூடும் அல்லது குறையும். ஆவியாகும் இழப்பும் பம்பின் அளவுப்பிழையும் இதோடு சேர்கின்றன. இவற்றையெல்லாம் கருதித்தான் அமெரிக்க விதி, இருப்புக் கணக்கு முறையில் மாதத்துக்கு விற்ற அளவில் 1 சதவீதமும் அதற்குமேல் 130 கேலனும், அதாவது சுமார் 490 லிட்டரும் வித்தியாசம் வரலாம் என்று விட்டுக்கொடுக்கிறது. மின்னணு அளவுமானிகூட மணிக்கு 0.2 கேலன் கசிவைக் கண்டுபிடித்தால் போதும் என்பதே அங்குள்ள தரம். அது நாளுக்கு 18 லிட்டர். பென்சீன் கணக்கோடு இதை வைத்துப் பார்த்தால், கருவி எதுவும் தவறு செய்யாமலே, விதி எதையும் மீறாமலே, ஒரு தெருவின் கிணறுகள் கெட்டுப்போகலாம். தொட்டிக்குள் அளப்பது வணிகக் கணக்குக்குப் போதுமானது. குடிநீர்க் கணக்குக்குத் தொட்டிக்கு வெளியே அளந்தாக வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பெட்ரோலைத் தின்றுவிடும், மாசு நாக்குகள் பெரும்பாலும் ஓரளவு நீண்டபின் நின்று பிறகு சுருங்குகின்றன என்பது உலகெங்கும் பல இடங்களில் அளந்து கண்ட உண்மை. எல்லாக் கசிவையும் தோண்டி அள்ள வேண்டியதில்லை என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இந்த இயற்கைச் சீரமைப்பு நடக்கிறதா என்பதை அறியவே கண்காணிப்புக் கிணறு தேவை. கரைந்த ஆக்சிஜன் குறைகிறதா, நைட்ரேட்டும் சல்பேட்டும் செலவாகின்றனவா, இரும்பு கரைகிறதா என்று வருடக்கணக்கில் பார்த்துத்தான் அதை உறுதி செய்ய முடியும். மேலும் நம் பெட்ரோலே மாறிவிட்டது. 2025இல் இந்தியா 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டது. எத்தனால் நுண்ணுயிர்களுக்கு எளிய உணவு. பென்சீனைத் தொடுமுன் அவை எத்தனாலைத் தின்று, சுற்றியுள்ள ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. அதனால் பென்சீன் நாக்கு முன்னைவிட நீளும் என்பதை ஆய்வகச் சோதனைகளும் களச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. எத்தனால் கலக்காத காலத்து அனுபவத்தை வைத்து இன்றைய கசிவுக்குத் தூரம் குறிப்பது சரியாக வராது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிய பங்குகள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் நீரோட்டத் திசையில் உள்ள கிணற்றுக்கு 50 மீட்டர் பெரிய தூரம் இல்லை. எதிர்த்திசையில் உள்ள கிணற்றுக்கோ அதில் பாதியே போதுமானதாக இருக்கலாம். திசை தெரியாமல் தூரத்தை மட்டும் நிர்ணயிப்பது அரைவேலை.

செலவு யார் தலையில் என்பது மூன்றாவது கேள்வி. சிறு பங்கு நடத்துபவர் கிணறு தோண்டி மாதாமாதம் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப முடியுமா? நீர்மட்டம் ஆழமில்லாத இடத்தில், துளையிட்டு, சல்லடைபோல் துளைத்த பிளாஸ்டிக் குழாய் இறக்கி, மேலே பூட்டுப் போட்ட இரண்டு மூன்று கிணறுகளுக்கான செலவு ஒரு நிலத்தடித் தொட்டியைப் பதிக்கும் செலவின் அருகில்கூட வராது. மாதம் ஒருமுறை மேற்பரப்பு நீரை மொண்டு படலம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆய்வகமே தேவையில்லை, ஆண்டுக்கு ஒருமுறை பென்சீன் சோதனை போதும். அமெரிக்காவும் இந்த முறையை நீர்மட்டம் 20 அடிக்குள் இருக்கும் இடங்களுக்கு மட்டுமே ஏற்கிறது. அதைவிட ஆழமான இடங்களில் மண்ணின் ஆவியை அளப்பதே பொருத்தம், இந்த வரம்பை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலம் தாழ்த்தினால் என்னாகும் என்பதற்கும் அந்த நாடே சான்று. துருப்பிடிக்கும் வெறும் எஃகுத் தொட்டிகளை மண்ணில் புதைத்துவிட்டு, 1984இல்தான் சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய தொட்டிகளைச் சீராக்க 1998 டிசம்பர்வரை அவகாசம் கொடுத்தார்கள். சட்டம் வந்ததிலிருந்து இன்றுவரை உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல். துப்புரவுக்கென்று எரிபொருள்மீது தனி வரியே விதிக்க வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம்விட எளிதாகச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். சாலை அகலப்படுத்தும்போதும், உரிமம் முடியும்போதும், ஆலைகளும் தோட்டங்களும் மூடப்படும்போதும் நிலத்தடித் தொட்டிகள் கைவிடப்படுகின்றன. அடியில் எஞ்சிய எரிபொருளோடு மேலே தளம் போட்டு மூடிவிட்டால், அந்தத் தொட்டி எந்தப் பதிவேட்டிலும் இராது, இருப்புக் கணக்கு பார்க்கவும் ஆள் இராது. ஒரு தொட்டியை மூடும்போது அதைக் காலிசெய்து, ஆவியை வெளியேற்றி, வெளியே தூக்க வேண்டும். முடியாவிட்டால் மணலோ கலவையோ இட்டு நிரப்ப வேண்டும். தூக்கும் நாளில், அது கிடந்த குழியின் இரண்டு முனைகளிலிருந்தும், எரிபொருள் குழாய் வளையும் இணைப்புகளின் அடியிலிருந்தும், வண்டி எரிபொருள் இறக்கும் வாயின் அடியிலிருந்தும் மண் எடுத்துச் சோதிக்க வேண்டும். கசிவுகளில் பெரும்பங்கு தொட்டியின் உடலில் அல்ல, இந்த இணைப்புகளிலும் நிரப்பும்போது வழிவதிலும்தான் நிகழ்கிறது. இந்தச் சோதனை முடிவும் தொட்டி இருந்த இடத்தின் வரைபடமும் உள்ளாட்சி மன்றத்தின் நிலப்பதிவில் சேர்க்கப்பட்ட பிறகே அந்த மனைக்கு வீடு கட்டவோ கிணறு தோண்டவோ அனுமதி தர வேண்டும்.